நோய் தாக்கிய பயிரின் படத்தைச் சுருக்கி அனுப்புவது எப்படி?

சம்பா நெல்லில் இலை முழுக்கப் புள்ளி விழுந்திருக்கிறது. செல்போனில் எட்டுப் படம் எடுத்து இ-மெயிலில் அனுப்பப் பார்த்தால் போகவே இல்லை. பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து 'சின்னதாக்கி' அனுப்பியபோது, படம் தெளிவில்லை, நோயைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. படத்தை எவ்வளவு சுருக்கலாம், எப்படிச் சுருக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார் திருவாரூர் மாவட்ட வாசகர் ஒருவர். விண்ணப்பத்தோடு பட்டா நகலை ஏற்ற முடியாமல் தவித்த வாசகி ஒருவரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம்.

முதலில் நெல் வயலுக்குப் போவோம். நெல் இலையில் புள்ளி என்றால் உடனே நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று குலை நோய். மற்றொன்று பழுப்புப்புள்ளி நோய். செம்புள்ளி என்றும் சொல்வார்கள். குலை நோயின் புள்ளி கண் வடிவத்தில் இருக்கும். இரண்டு முனையும் கூராக, ஓரம் பழுப்பாக, நடுப்பகுதி சாம்பல் நிறமாக இருக்கும். பழுப்புப்புள்ளி சிறியது, எள் போலவோ முட்டை வடிவிலோ இருக்கும், முனை கூராக இருக்காது. கையில் இலையை வைத்துப் பார்த்தால் பிரித்துச் சொல்லிவிடலாம். மங்கிய படத்தில் இரண்டும் ஒரே மாதிரி பழுப்புத் திட்டாகத்தான் தெரியும்.

ஆனால், இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல. குலை நோய் என்றால் யூரியா மேலுரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். தழைச்சத்து கூடக் கூட நோயும் கூடும். பழுப்புப்புள்ளி பெரும்பாலும் சத்துக் குறைந்த மண்ணில், அதிலும் சாம்பல் சத்து பற்றாத வயலில்தான் அதிகம் வரும். அங்கே உரத்தைச் சரிப்படுத்துவதுதான் முதல் வேலை. படத்தைப் பார்த்து மாற்றிச் சொல்லிவிட்டால் மருந்துச் செலவும் வீண், ஒரு வாரமும் வீண். கதிர் வரும் நேரத்தில் அந்த ஒரு வாரம் சின்ன விஷயமில்லை.

சரி, படம் ஏன் போகவில்லை? இன்றைக்குச் சாதாரண செல்போனில்கூட 12 மெகாபிக்சல் படம் எடுக்கலாம். அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 என்று சின்னஞ்சிறு சதுரங்களை அடுக்கியதுதான் அந்தப் படம். ஒரு சதுரத்தை ஒரு பிக்சல் என்கிறார்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். செல்போன் அதைத் தானாகவே அமுக்கி 3 முதல் 5 எம்.பி. அளவுக்குள் சேமிக்கிறது. ஒரு படம் 4 எம்.பி. என்றால் எட்டுப் படம் 32 எம்.பி. ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு இணைக்க 25 எம்.பி.தான் இடம். அதைத் தாண்டினால் டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். அந்த இணைப்பைத் திறக்க அனுமதி கொடுக்காமல் அனுப்பிவிட்டால், வாங்கியவருக்குப் படம் திறக்காது. இன்னொன்று, இ-மெயிலில் போகும்போது இணைப்பின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதனால், எந்த இ-மெயிலாக இருந்தாலும் சொல்லப்பட்ட அளவின் விளிம்பு வரை நிரப்பாமல் இருப்பது நல்லது.

கம்ப்யூட்டர் சென்டரில் செய்தது என்ன? படம் முழுவதையும் அப்படியே சின்னதாக்கியிருப்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். 4,000 பிக்சல் அகலப் படத்தில் நோய்ப்புள்ளி ஒன்று 100 பிக்சல் அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தை 800 பிக்சலாகக் குறைத்தால் அந்தப் புள்ளி 20 பிக்சலுக்கு வந்துவிடும். நடுவில் உள்ள சாம்பல் நிறத்துக்கு ஏழெட்டுப் பிக்சல் மிஞ்சினால் அதிகம்.

இதோடு முடிந்துவிடாது. செல்போன் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் என்ற முறையில் சேமிக்கப்படுகின்றன. 1992-ல் தரப்படுத்தப்பட்ட முறை இது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு பாத்திகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்தியிலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. இதற்கு அடிப்படையான கணக்கு முறையை 1974-ல் வெளியிட்டவர் நசீர் அகமது, பெங்களூரில் பிறந்தவர். உடன் எழுதியவர்கள் நடராஜன், ராவ் என்ற இருவர். உலகம் முழுக்க தினமும் கோடிக்கணக்கான படங்கள் இந்தக் கணக்கின் தயவில்தான் பயணம் செய்கின்றன. நிறத்தைவிட வெளிச்சம், நிழல் வேறுபாட்டைத்தான் நம் கண் நுணுக்கமாகப் பார்க்கும் என்பதால், பெரும்பாலான படங்களில் நிற விவரத்தை இன்னும் குறைத்தே வைப்பார்கள். முகத்துக்கும் கோபுரத்துக்கும் இது போதும். இலைப்புள்ளிக்குப் போதாது. ஏழெட்டுப் பிக்சல் சாம்பல் நிறம் ஒரே பாத்திக்குள் அடங்கிப் போய், சுற்றியுள்ள பழுப்போடு கலந்துவிடும். எந்த அடையாளத்தை வைத்துக் குலை நோய் என்று சொல்ல வேண்டுமோ, அதுதான் முதலில் அழிகிறது.

ஆகவே, சுருக்குவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். படத்தில் வரப்பு, வானம், பிடித்திருக்கும் கை, செருப்பு எல்லாம் இருக்கும். நோய் விழுந்த இலைத்துண்டு மட்டும் இருக்கும்படி வெட்டி எடுத்தால், 1,200-க்கு 900 பிக்சல் அளவில் ஒரு துண்டு கிடைக்கும். மூலப்படத்தில் இது பதினோரு பங்கில் ஒன்றுதான். 4 எம்.பி. படம் 400 கே.பி. அளவுக்கு வந்துவிடும். ஆனால், புள்ளியின் அகலம் அதே 100 பிக்சல், ஒன்றுகூடக் குறையவில்லை. எட்டுப் படத்தையும் இப்படி வெட்டினால் மொத்தமே 3, 4 எம்.பி.தான். எந்த இ-மெயிலிலும் போகும், டவர் சரியாகக் கிடைக்காத ஊரிலிருந்தும் போகும்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்து 'எடிட்', 'கிராப்' என்று போய், நான்கு மூலையையும் இழுத்து வெட்டலாம். முடித்ததும் 'சேவ் காப்பி' கொடுத்தால் மூலப்படம் அப்படியே இருக்கும், வெட்டிய படம் தனியாகச் சேரும். மூலப்படத்தின் மேலேயே சேமிக்கக் கூடாது. ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்பாது.

வயலின் மொத்தத் தோற்றத்தைக் காட்டும் படத்தை வெட்ட முடியாதுதான். அதை மட்டும் முழுதாகச் சுருக்கலாம். கம்ப்யூட்டரில் பெயின்ட் திறந்து 'ரீசைஸ்' போய், பிக்சல் என்பதைத் தேர்ந்தெடுத்து அகலம் 1,600 என்று போட்டால் உயரம் தானாக 1,200 ஆகிவிடும். பிக்சல் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சேமிக்கும்போது ஜேபெக் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். பிஎன்ஜி என்று சேமித்தால் படம் முன்பைவிடப் பெரிதாகிவிடும். 'சின்னதாக்கியும் ஏறவில்லையே' என்று பலர் குழம்புவது இதனால்தான். பிஎன்ஜி என்பது ஸ்கிரீன்ஷாட், கோட்டுப்படம் போன்றவற்றுக்கு ஏற்றது. ஐபோன் வைத்திருப்பவர்களின் படம் ஹெச்இஐசி என்ற வகையில் சேரும். சில இணையதளங்கள் அதை ஏற்காது. கேமரா செட்டிங்ஸில் 'ஃபார்மட்ஸ்' என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றினால் ஜேபெக் ஆகிவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவோர்தான் அதிகம். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் தானாகவே சுருக்கிவிடும், அதுவும் படம் முழுவதையும். 2023-ல் வந்த 'ஹெச்டி' பொத்தானை அழுத்தி அனுப்பினால் கொஞ்சம் தேவலை. படத்தை 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்பினால் சுருங்காமல் அப்படியே போகும். வெட்டிய படத்தை டாக்குமென்டாக அனுப்புவதுதான் நல்ல வழி. அளவும் குறைவு, தெளிவும் குறையாது. ஒருவர் அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, குரூப்பில் சுற்றி வந்த படத்தை வைத்து நோய் சொல்லக் கேட்பதில் பலனில்லை.

மூலப்படமே ஆடிப்போயிருந்தால் வெட்டியும் பயனில்லை. லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, இலையைப் பறித்து வெள்ளைத் தாள் மேல் வைத்து, நிழலில் எடுக்கலாம். ரொம்பக் கிட்டே கொண்டு போனால் போகஸ் ஆகாது. ஒரு அடி தள்ளி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வதே மேல். இரண்டு விரலால் இழுத்து ஜூம் செய்து எடுக்க வேண்டாம்; பல போன்களில் அதுவும் ஒரு வெட்டுதான், அதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் புள்ளியின் அளவு தெரியும். புகையான் என்று சந்தேகம் இருந்தால் இலையை எடுத்துப் பயனில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரின் அடிப்பகுதியை எடுக்க வேண்டும். வெள்ளை ஈக்கு இலையின் அடிப்பக்கம். வயல், தூர், இலை என மூன்று படம் போதும், எட்டு தேவையில்லை.

பட்டா விஷயம் வேறு. அங்கே எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரிந்தால் போதும். தாளைப் படம் எடுப்பதற்குப் பதில், தமிழ்நாடு அரசின் நில ஆவண இ-சேவை இணையதளத்தில் பட்டா, சிட்டாவை நேராக பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம். படமாக எடுத்ததைவிட அது சிறியதாகவும் தெளிவாகவும் இருக்கும். வேறு தாள்களுக்கு கூகுள் டிரைவ் செயலியில் உள்ள 'ஸ்கேன்' வசதி நல்லது. மேஜை, தரை எல்லாவற்றையும் ஒதுக்கித் தாளை மட்டும் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி பிடிஎஃப் ஆக்கிவிடும். ஏ4 தாள் ஒன்றுக்கு அகலத்தில் 1,240 பிக்சலும் உயரத்தில் 1,754 பிக்சலும் இருந்தால் அச்செழுத்தைப் படித்துவிடலாம். கே.பி. வரம்பு மிகக் குறைவாக இருந்தால் முதலில் நிறத்தை எடுத்துவிட வேண்டும், பிறகு பிக்சலைக் குறைக்க வேண்டும், கடைசியாகத்தான் தரத்தைக் குறைக்க வேண்டும். ஏற்றும் முன் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரிந்தால் விண்ணப்பம் திரும்பி வரும்.

பயிர்க் காப்பீட்டுக்காக எடுக்கும் படத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். செல்போன் படத்துக்குள் எடுத்த தேதி, நேரம் பதிவாகியிருக்கும். லொகேஷன் திறந்திருந்தால் இடமும் பதிவாகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது இந்த விவரங்கள் நீங்கிவிடும். சில சுருக்கும் செயலிகளிலும் இப்படி ஆகலாம். ஆகவே மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, வயலில் நீர் தேங்குதல் போன்ற உள்ளூர்ச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். படம் ஏறவில்லை என்று அந்த நேரத்தை விட்டுவிடக் கூடாது. 14447 என்ற எண்ணில் பேசித் தகவலைப் பதிவு செய்துவிட்டு, படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறவர்கள் அரிசி, நாட்டுச்சர்க்கரைப் படங்களை இணையத்தில் போடும்போது 1,200 பிக்சல் அகலமே தாராளம். பத்துப் படத்தை 4 எம்.பி.யாகவே ஏற்றினால் பக்கத்தைத் திறக்க 40 எம்.பி. இறங்க வேண்டும், வாங்க வந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

இணையத்தில் இலவசமாகப் படம் சுருக்கித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. இலைப் படத்தை அங்கே ஏற்றினால் நட்டம் ஒன்றுமில்லை. பட்டா, வங்கிப் புத்தகம், ஆதார் ஆகியவற்றை ஏற்றவே கூடாது. அவை யாருடைய கம்ப்யூட்டரில் தங்குகின்றன என்பது நமக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தாலும் வேலை முடிந்ததும் நம் கண் முன்னால் அழிக்கச் சொல்ல வேண்டும். ஆதார் முழு எண் தேவைப்படாத இடத்துக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதை பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம்.