ஜவ்வாது மலைச் சாமையும் நம் வீட்டுக் கணக்கும்



ஐ.நா. சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து, கோயில் பிராகாரம், கல்யாண வீடு, டாக்டர் கிளினிக் என்று நாலு பெண்கள் கூடுகிற இடமெல்லாம் சாமை, தினை, வரகு என்றே பேச்சு. நல்ல விஷயம்தான். ஆனால் கடைக்குப் போனால் சாமை அரிசி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. பாக்கெட் மேல் ‘ஆர்கானிக்’ என்று ஒரு வார்த்தை இருந்துவிட்டால் விலை இன்னும் எகிறுகிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற நாம், இந்தக் கூடுதல் காசு எதற்கு, அது யார் கைக்குப் போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

போளூரில் குடியிருப்பதால் ஜவ்வாது மலை எங்களுக்குப் பக்கம். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் தமிழ் பேசுபவர்கள்) தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைக்கிறார்கள். ஆனி, ஆடி மழைக்கு விதைப்பு. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அறுவடை. மழையை நம்பிய பயிர். பூச்சி மருந்தும் உரமும் அதற்குப் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. காட்டுப் புளியமரத்துக்கும் மலைத் தேனுக்கும் யாராவது மருந்து அடிக்கப் போகிறார்களா? ஆக, இயல்பாகவே மருந்து படாமல் வருகிற பொருளுக்கு ‘ஆர்கானிக்’ என்று பெயர் சூட்டி, அதற்குத் தனியாக ஒரு விலை வாங்குகிறார்கள்.

சான்றிதழே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. யார் விளைவித்தது என்றே தெரியாத பாக்கெட்டுக்கு அது அவசியம்தான். இயற்கை உணவுக்கென்று 2017-ல் மத்திய அரசு விதிமுறை கொண்டு வந்தது. அதன்படி இயற்கை உணவுக்கான அரசு முத்திரை பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாமல் வெறும் பச்சை எழுத்தில் ‘நேச்சுரல்’, ‘ஆர்கானிக்’ என்று போட்டிருந்தால் அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். அதே சமயம், ஒரு சிறு விவசாயி தான் விளைவித்ததை நம்மிடம் நேரடியாக விற்றால் அவருக்கு இந்தச் சான்று கட்டாயமில்லை. ‘முத்திரை இல்லையே’ என்று மலையிலிருந்து கூடை தூக்கி வருகிற அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கூடுதல் காசு செலவழித்தே தீருவேன் என்றால் கத்தரிக்காய், கோஸ், காலிஃபிளவர், திராட்சை, கறிவேப்பிலை பக்கம் திருப்புங்கள். மருந்து அதிகம் அடிக்கப்படுவது இவற்றுக்குத்தான். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. அங்கே விளைவித்தவரே விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. “கடைசியா மருந்து எப்ப அடிச்சீங்க?” என்று அவர் முகத்தைப் பார்த்தே கேட்கலாம்.

சரி, சாமை வாங்கும்போது எதைத்தான் பார்ப்பது? நிறத்தைப் பாருங்கள். மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தால் நன்றாகத் தீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உமி மட்டும் நீக்கிய சாமை அரிசி கொஞ்சம் மங்கலாக, தவிட்டு நிறம் ஓடித்தான் இருக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல். தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. தவிட்டைத் தீட்டி எடுத்துவிட்டால் இந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு போச்சு! சாமை விலை கொடுத்து அரிசி சாப்பிட்ட கதைதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாமையும் மாவுச்சத்துதான். சர்க்கரை உள்ளவர்கள் “சாமைதானே” என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவு முக்கியம்.

இப்போது காசு எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். சாமைக்கு உமி நீக்குவதுதான் பெரிய வேலை. அந்தக் காலத்தில் உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் கை காய்த்துப் போவார்கள். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. உலக்கையைக் கீழே வைத்துவிட்டு மலைப் பெண்கள் அந்த அரிசியைப் பொங்கினால் குற்றம் சொல்ல நமக்கு வாய் ஏது? நமக்கு ஆரோக்கியம் என்று தெரிகிற சாமை, அவர்களுக்கு இடுப்பொடிகிற வேலை.

அதனால் சாமை, சாப்பிடும் தானியம் என்பது போய் விற்கும் தானியமாக ஆகிவிட்டது. சிறுதானியங்களுக்கு உமி நீக்கும் பெரிய ஆலைகள் மகாராஷ்டிராவில் நாசிக் நகரில் இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தானியமும் வியாபாரி கை மாறி அங்கே போய், பாக்கெட்டாக நம்மிடம் திரும்பி வருவதுண்டு. ‘உள்ளூர் பொருள்’ என்று நினைத்து வாங்குகிறோம். அது பார்க்காத ஊர் இல்லை! போதாததற்கு, மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகு, கம்பு, சோளம் உண்டு. சாமைக்கென்று தனி விலை இல்லை. அறுப்பு நேரத்தில் கையில் காசில்லாத குடும்பம், வியாபாரி சொன்னதுதான் விலை என்று மூட்டையைக் கட்டிக் கொடுக்க வேண்டியதுதான்.

இதற்கு வழியும் மலையிலேயே பிறந்திருக்கிறது. பழங்குடி விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் ஜமுனாமரத்தூரில் இருக்கிறது. மலையிலேயே உமி நீக்கினால் வேலையும் அங்கேயே, தவிடும் அங்கேயே, லாபமும் அங்கேயே. பெண்களின் கைக்கும் ஓய்வு. அவர்கள் வீட்டு அடுப்பிலும் சாமை திரும்ப ஏற வழி பிறக்கும். நம் காசு போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்.

“ரெண்டு கிலோ சாமைக்கு மலை ஏறணுமா?” என்று கேட்பீர்கள். வேண்டாம். பஸ் செலவே விலையைத் தின்றுவிடும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு 300 கிராம் போதும். வாரம் இரண்டு நாள் சமைத்தால் மாதம் இரண்டரை கிலோ, இரண்டு மாதத்துக்கு 5 கிலோ. தெருவில் பத்துக் குடும்பம் சேர்ந்தால் 50 கிலோ, சரியாக ஒரு மூட்டை. மகளிர் குழு மூலமாகவோ, மலைக்குப் போய் வருகிறவர் மூலமாகவோ சொல்லி வரவழைத்துப் பிரித்துக் கொள்ளலாம். தவிடு உள்ள அரிசி நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம். புளிக்கு அந்தப் பயம் இல்லை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போதே ஒரு வருஷத்துக்கு வாங்கி, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்துவிடலாம். தேன் பாட்டிலின் அடியில் சர்க்கரை மாதிரி உறைந்தால் பதற வேண்டாம். நல்ல தேனும் உறையும்.

போளூர்க்காரர்களுக்கு ஜவ்வாது மலை என்றால், நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலை, சேலத்துக்காரர்களுக்குக் கல்வராயன் மலை. அவரவர் ஊருக்குப் பக்கத்தில் என்ன விளைகிறது, எந்த மாதத்தில் விளைகிறது என்று தெரிந்து கொண்டாலே பாதிச் செலவு மிச்சம். அடுத்த முறை கடையில் சாமைப் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊரில் விளைந்தது? எங்கே உமி நீக்கியது? எப்போது நீக்கியது? கடைக்காரர் முதலில் விழிப்பார். பத்துப் பெண்கள் கேட்டால் பதினோராவது பெண்ணுக்குப் பதிலைத் தயாராக வைத்திருப்பார்.

– ஓர் இல்லத்தரசி, போளூர்.