நிறத்தைப் பொதுவாக்கலாம், சொல்லை?

மேசைக்கணினிச் செயலிகளில் பொத்தானின் நிறம், எழுத்துருவின் அளவு ஆகியவற்றை ஒரே இடத்தில் வரையறுத்துப் பலமுறை எடுத்தாள்வது நல்ல வழக்கம். ஓரிடத்தில் மாற்றினால் எங்கும் மாறும். சொற்களையும் அவ்வாறே கையாள்வதுதான் பிழை.

ஆங்கில ‘ஓப்பன்’ கட்டளையாகவும் வரும், நிலையைக் குறித்தும் வரும். தமிழில் முன்னது ‘திற’, பின்னது ‘திறந்துள்ளது’. இந்தியில் ‘கோலேன்’, ‘குலா’. இரண்டுக்கும் ஒரே சரம் என்றால் ஓரிடத்தில் மொழிபெயர்ப்பு தவறியே தீரும். வேற்றுமை உருபும் அப்படித்தான்: பெயரோடு ‘இல்’ என்பதை நிரல் ஒட்டினால் ‘வீடுஇல்’ என்றாகும், ‘வீட்டில்’ ஆகாது.

குனூ கெட்டெக்ஸ்ட், க்யூட்டி போன்ற கருவிகள் சரத்தோடு சூழலையும் குறிக்க இடம் தருகின்றன. நிரலாளர் அதை வெறுமையாக விட்டால் பழி மொழிபெயர்ப்பாளர்மேல் விழுகிறது. பயனரோ ஆங்கில இடைமுகத்துக்கே திரும்புகிறார். மொழியியல் மாணவர் நுழைய வேண்டிய இடம் இது.