இசைத்தட்டில் இல்லாத பெயர்கள்

ஜாஸ் இசையின் பழந்தட்டுகளைத் தேடித் திரிவோர்மீது முற்போக்காளர் சிலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. ஒரு தட்டு எந்த நாளில், எந்த நகரில் பதிவாயிற்று, அதில் கிளாரினெற் வாசித்தவர் யார், ட்றம்பெற் ஊதியவர் யார் என்று ஆண்டுக்கணக்கில் வாதிடுவது வேலையற்றோரின் வீண் பித்து என்பது அவர்தம் கருத்து. உலகிலே பசியும் போரும் மக்களை வாட்டும்போது தட்டின் இலக்கத்தை ஆராய்வதா என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால், ஒரு கலையைப் படைத்தவர்களின் பெயர்களே மறைந்துபோன இடத்தில், அப்பெயர்களைத் தேடுவது எவ்வாறு வீண்வேலையாகும் என்பதை அவர்கள் விளக்குவதில்லை.

அப்பெயர்கள் எவ்வாறு மறைந்தன என்பதை முதலிற் பார்ப்போம். 1920 இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகி ஓக்கே கம்பனிக்காகப் பாடிய தட்டொன்று எதிர்பாராத அளவில் விற்பனையாயிற்று. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவர் என்பதை அமெரிக்க முதலாளிகள் அப்போதுதான் கண்டுகொண்டனர். அதன்பின் அம்மக்களுக்கென்றே 'இனத் தட்டுகள்' என்றொரு தனி வரிசை தோன்றியது. கலைஞருக்குப் பெரும்பாலும் ஒரு தொகை. அத்துடன் கணக்கு முடிந்தது. லேபிளிலே பாடகரின் பெயரோ குழுத் தலைவரின் பெயரோ இருக்கும். கூட இருந்து வாசித்தவர்கள் பெயரற்றவர்கள்.

1923 ஏப்பிரலில், இந்தியானா மாநிலத்து றிச்மண்ட் நகரில், ஒரு பியானோக் கம்பனிக்குச் சொந்தமான ஜெனெற் நிறுவனம் 'கிங்' ஒலிவரின் குழுவைப் பதிவு செய்தது. அக்குழுவில் இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ரோங் இருந்தார். ஜொனி டொட்ஸ், பேபி டொட்ஸ் என்னும் சகோதரர் இருவர் இருந்தனர். பியானோவில் லில் ஹார்டின் என்னும் பெண் இருந்தார். இவர்களை அறிய விரும்பியவர் பின்னாளில் தேடித்தான் அறியவேண்டியிருந்தது. அதே ஜெனெற் நிறுவனம், அதே பத்தாண்டில், கறுப்பின மக்களைக் கொடுமைப்படுத்திய கு கிளக்ஸ் கிளான் கும்பலின் பாடல்களையும் கூலிக்குத் தட்டாக்கிக் கொடுத்தது. மூலதனத்துக்கு இசையும் ஒன்றே, இனவெறியும் ஒன்றே, விலைபோனாற் போதும்.

கலைஞர்களின் கதி யாது? ஒலிவர் 1938 இல் ஜோர்ஜியா மாநிலத்துச் சவானா நகரில், ஒரு விளையாட்டு மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்தபடி வறுமையில் இறந்தார். பெஸி ஸ்மித் என்னும் மாபெரும் பாடகிக்குக் கொலம்பியா கம்பனி தட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்ததேயன்றி, விற்பனையிற் பங்கு கொடுக்கவில்லை. 1937 இல் விபத்தில் இறந்த அவரது கல்லறைக்கு 1970 வரை ஒரு பெயர்க்கல்லேனும் இருக்கவில்லை. அந்த முப்பத்து மூன்று ஆண்டுகளிலும் அவரது குரல் மீண்டும் மீண்டும் விற்பனைக்கு வந்துகொண்டேயிருந்தது.

இந்த இருட்டிலேதான் தட்டு தேடுவோர் விளக்கேந்தினர். 1936 இல் பாரிசிலே சார்ள்ஸ் டெலோனே ஜாஸ் தட்டுகளுக்கென ஒரு விரிவான அட்டவணையை வெளியிட்டார். பின்னர் பிரித்தானியாவில் பிரையன் றஸ்ற் தம் வாழ்நாளையே இப்பணிக்கு அளித்தார். தட்டின் நடுப்பகுதியில் பொறிக்கப்பட்ட மூலத்தகட்டு எண்ணைக் குறித்தல், கம்பனிப் பேரேடுகளைப் புரட்டுதல், வாசிப்பின் சாயலைக் காதால் ஒப்பிடுதல், உயிரோடிருந்த கலைஞரிடம் நேரிற் கேட்டல் என்பன இவர்களின் வழிமுறைகள். கல்வெட்டாராய்ச்சியை அறிவு என்று போற்றுவோர் இதனை மட்டும் பித்து என்பது விந்தையே! இந்த டெலோனேதான் நாசிகள் பாரிசை ஆண்டபோது எதிர்ப்பியக்கத்திற் பணிபுரிந்து, 1943 இல் ஜேர்மன் பொலிசாராற் கைது செய்யப்பட்டவர். தட்டின் இலக்கத்தை ஆராய்ந்தவர் போரின்போது கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை.

விவரந் தேடாமற் பேசுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் அணியிலேயே சான்றுண்டு. மாக்சிம் கோர்க்கி 1928 இல் 'பிராவ்தா' பத்திரிகையில் எழுதிய கட்டுரையொன்றில், இவ்விசையைக் கொழுத்தவர்களின் இசை எனச் சாடினார். அவர் கேட்டது இத்தாலியில் இருந்தபோது வானொலி வழியே வந்த நடன மண்டப இசை. கேட்டுக் களித்தவர்கள் கொழுத்தவர்களாக இருக்கலாம்; ஆனால் இவ்விசையைப் பெற்றெடுத்தவர்கள் அடிமைகளின் பிள்ளைகளும் பேரர்களும் அல்லவா? 'வாசித்தவர் யார்?' என்ற எளிய கேள்வியை எழுப்பாததால் ஒரு மாபெரும் எழுத்தாளரே தவறினார். கோர்க்கியை மதிக்கும் நாம் அத்தவறையும் சேர்த்துப் போற்ற வேண்டியதில்லை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1939 ஏப்பிரலில் பில்லி ஹொலிடே, தூக்கிலிடப்பட்ட கறுப்பின மனிதரின் உடல்களைப் பற்றிய 'விநோதக் கனி' என்னும் பாடலைப் பதிவு செய்தார். கொலம்பியா கம்பனி மறுத்துவிட்டதால், மில்ற் கேப்லர் என்னும் தட்டுக் கடைக்காரரின் கொமடோர் நிறுவனமே அதனை வெளியிட்டது. மறுபதிப்புத் தட்டுகளின் லேபிளில் வாசித்தவர் அனைவரின் பெயரையும் அச்சிடும் நல்வழக்கத்தைத் தொடக்கியவரும் இந்தக் கேப்லரே. பாடலை இயற்றியவராக லூயிஸ் அலன் என்ற பெயர் காணப்படும். அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் ஏபல் மீரோபோல் என்னும் நியூயோர்க் பாடசாலை ஆசிரியர், கம்யூனிஸ்ட். அவரது கவிதை 1937 இல் முதலில் அச்சேறியது ஆசிரியர் சங்கத்தின் பத்திரிகையில்! அப்பதிவில் ட்றம்பெற் ஊதிய பிராங்கி நியூட்டனும் இடதுசாரியே. வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்பாம் ஜாஸ் பற்றி எழுதுகையில் 'பிரான்சிஸ் நியூட்டன்' என்று புனைபெயர் பூண்டது இவர் நினைவாகவே. இவ்விவரங்களைத் தேடித் தந்தவர்கள் இல்லையேல், அப்பாடல் எந்த மண்ணில் வேரூன்றியது என்பதை நாம் அறிந்திருப்போமா?

அட்டவணையின் வெற்றிடங்கூடப் பேசும். 1942 ஓகஸ்ற் முதல் 1944 நவம்பர் வரையில் அமெரிக்காவின் பெருங்கம்பனிகளிடமிருந்து வந்த புதிய ஜாஸ் பதிவுகள் மிகச் சொற்பம். தட்டும் வானொலியும் வாத்தியக்காரரின் பிழைப்பைப் பறிப்பதை எதிர்த்து, அவர்தம் தொழிற்சங்கம் பதிவு வேலையை நிறுத்தியது. முதலில் இணங்கியது டெக்கா. 1944 இல் விக்டரும் கொலம்பியாவும் பணிந்து, விற்கும் தட்டுக்கு இவ்வளவு என்று சங்கத்தின் நிதிக்குக் கொடுக்கச் சம்மதித்தன. சார்லி பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும் புதிய இசையை உருவாக்கிய அவ்வேளையின் பதிவுகள் கிடைக்கவில்லையே என்று சேகரிப்போர் பெருமூச்சு விடுவர். அந்த மௌனம் உழைப்பாளரின் மறுப்பு என்பதையும் அவர்கள் தம் அட்டவணையிற் குறிக்கவேண்டும்.

ஆம், சேகரிப்போரிடமும் நாம் கேட்கவேண்டியன உண்டு. 2013 இல் டொமி ஜோன்சன் என்னும் புளூஸ் கலைஞரின் ஒரு தட்டு ஏலத்தில் 37,100 டொலருக்குப் போயிற்று. அதைப் பாடியவர் 1956 இல் ஏழையாகவே இறந்தவர். அருமைக்காகவே தட்டை வாங்கி அலுமாரியிற் பூட்டுபவன், பெயரை மறைத்த கம்பனிக்காரனின் வாரிசேயன்றி வேறல்லன். மனிதரையே அரும்பொருளாக்கியவர்களும் உளர். லூசியானாவிலே மறக்கப்பட்டிருந்த பங்க் ஜோன்சனை 1939 அளவில் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்து, பற்களும் ட்றம்பெற்றும் கிடைக்க உதவி, 1942 இல் பதிவு செய்தனர். அது பெருந்தொண்டுதான். ஆனால் அவர் அன்றைய புதுப்பாடல்களை வாசிக்க விரும்பியபோது, இரசிகர் பலர் பழமையை மட்டுமே வேண்டி நின்றனர். பாட்டாளிக் கலைஞன் நூதனசாலைப் பொருளல்லன்.

எனவே நாம் எதிர்க்கவேண்டியது விவரத்தை அன்று, விவரத்தைச் சரக்காக்குவதையே. நியூ ஓர்லியன்சின் படி போல்டன் ஒரு தட்டையும் விட்டுச் செல்லாமல் 1931 இல் மனநோய் மருத்துவமனையில் மறைந்தவர். அவர் நாவிதர் என்றும் பத்திரிகை நடத்தியவர் என்றும் கதைகள் பரவியிருந்தன. டொனால்ட் மார்க்கிஸ் பழைய பதிவேடுகளை நுணுகி ஆராய்ந்து, 1978 இல் அக்கதைகளைக் களைந்து, ஒரு மெய்யான மனிதரை நமக்குத் தந்தார். ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்று நிலைநாட்டுவதைவிட முற்போக்கான பணி எது?

ஆசிரியர்களே, மாணவர்களே! எந்தப் பாட்டைக் கேட்டாலும் பாடியவரோடு நின்றுவிடாதீர்கள். வாசித்தவர் யார், கூலி பெற்றாரா, இலாபம் எங்கே போயிற்று என்றும் கேளுங்கள். விடை கிடைத்தால் அதைப் பூட்டிவைக்காமல் எழுதி எல்லோர்க்கும் பொதுவாக்குங்கள். உழைத்தவர் பெயரை உரத்துச் சொல்வது நாம் அவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன். அவர்களை ஏய்த்தவர் பெயரையும் சேர்த்துச் சொன்னாலன்றி அக்கடன் தீராது.