உப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள்

வெள்ளைக்காரன் நம் திருநெல்வேலி ஜில்லாவில் வருஷத்துக்கு எவ்வளவு வசூல் செய்தான்? கல்யாணப் பந்தியிலும் டீக்கடை பெஞ்சிலும் இந்தப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் ஸ்டூவர்ட் துரை எழுதிய 1879ஆம் வருஷத்து மானுவலையோ, பேட் துரையின் 1917 கெஜட்டியரையோ புரட்டி, நிலவரிக் கணக்கை எடுத்துக் காட்டி, "இவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி முடிப்பது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். நிலவரியை மட்டும் எண்ணினால், நிலம் வைத்திருந்தவன் மட்டுமே சர்க்காருக்குப் பணம் கொடுத்தான் என்று ஆகிவிடும். பனையேறியும் கூலிக்காரனும் கொடுத்தது கணக்கிலேயே ஏறாது.

நிலவரிக் கணக்கே லேசுப்பட்டதல்ல. ஜமாபந்தி பார்த்தவர்களுக்குத் தெரியும்: கேட்பு வேறு, வஜா போக நிற்பது வேறு, வசூலானது வேறு, நிலுவை வேறு. புத்தகத்தில் பார்க்கும் தொகை இவற்றில் எது என்று கவனிக்காமல் எடுத்து எழுதுகிறவர்கள் அநேகம். இதற்கு மேல் பசலி வருஷம். பசலி 1311 என்றால் 1901 ஜூலை முதல் 1902 ஜூன் வரை. சர்க்காரின் பட்ஜெட் வருஷமோ 1867 முதல் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஒன்றின் நிலவரியோடு மற்றொன்றின் சுங்க வரியைக் கூட்டினால் எந்த வருஷத்துக் கணக்கும் ஆகாது.

எட்டயபுரம் போன்ற ஜமீன்களில் நிலைமை வேறு. சர்க்காருக்குப் போனது நிர்ணயித்த பேஷ்குஷ். குடியானவன் ஜமீனுக்கு அளந்தது அதைவிட அதிகம். ஆகவே சர்க்கார் வாங்கியது எவ்வளவு என்பதும் ஜனங்கள் கொடுத்தது எவ்வளவு என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை ஏழும் கம்பெனி வருவதற்கு முந்தியவை. 1870களில் முடிந்த ஸ்ரீவைகுண்டம் அணை ஒன்றுதான் வெள்ளைக்காரன் கட்டியது. நஞ்சைத் தீர்வை புஞ்சைத் தீர்வையைவிடப் பல மடங்கு ஏன்? தண்ணீர் பாய்வதால். அதாவது காரும் பிசானமும் விளைந்த வயல்களில் 'நிலவரி' என்று வாங்கியதில் பெரும்பகுதி தண்ணீருக்கான கட்டணம்தான். அந்தத் தண்ணீரைத் திருப்பிவிட்ட கல்லோ ராஜாக்கள் வைத்தது, வாய்க்காலில் மண் வெட்டியது கிராமத்தார். பிறகு 1865ஆம் வருஷத்துப் பாசன வரிச் சட்டம் வந்து, தீர்வை ஜாஸ்தி, பசலி ஜாஸ்தி என்று தனி வசூலும் சேர்ந்தது.

சர்க்கார் செய்துகொடுத்த சௌகரியங்களைக் கழிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கழிக்கலாம், ஆனால் பார்த்துக் கழிக்க வேண்டும். பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே 1843ல் வந்த ஆற்றுப்பாலம் கலெக்டர் கச்சேரியில் வேலை பார்த்த சுலோசன முதலியாரின் சொந்தப் பணம். அதைச் சர்க்கார் செலவில் சேர்க்க முடியாது.

இனி உப்பு. 1805ல் மதராஸ் ராஜதானியில் உப்பை ஏகபோகமாக்கினார்கள். 1888 முதல் 1903 வரை வரி மணங்குக்கு 2 ரூபாய் 8 அணா. அந்தச் சர்க்கார் மணங்கு ஏறக்குறைய 37 கிலோ. ஆளுக்கு வருஷத்துக்கு ஏழரை கிலோ என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு மணங்கு. 1901 சென்சஸில் நம் ஜில்லா ஜனத்தொகை சுமார் 20 லட்சம், அதாவது 4 லட்சம் குடும்பம். ஆக உப்பில் மட்டும் வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய். மாட்டுக்குப் போட்டதும் கருவாட்டுக்குப் போட்டதும் இதில் சேரவில்லை. இரண்டரை ரூபாய் என்றால் 40 அணா. நாள் கூலி மூன்று அணா என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரு கூலிக்காரன் வருஷத்தில் 13 நாள் உப்பு வரிக்காகவே உழைத்தான். அவன் பெயரில் பட்டாவும் கிடையாது, ரசீதும் கிடையாது. இத்தனைக்கும் உப்பு விளைந்தது இங்கேயே, தூத்துக்குடி அளத்தில்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 'கபேல்' என்ற உப்பு வரி பழைய ராஜாக்களின் கொடுமை என்றும், புரட்சிக்காரர்கள் 1790ல் அதை ஒழித்தார்கள் என்றும் பாடம். 1806ல் நெப்போலியன் உப்பு வரியை மறுபடி போட்டதை வாத்தியார் வேகமாகத் தாண்டிவிடுவார். 1815ல் இங்கிலீஷ்காரனோடு செய்த உடன்படிக்கையில், புதுச்சேரி, காரைக்கால் உப்பை அவன் கையில் ஒப்படைத்துவிட்டு வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரன் வாங்கிக்கொண்டது பாடத்திலேயே இல்லை.

நெசவாளிக்கும் கைத்தொழில்காரனுக்கும் போட்ட மொத்தர்பா வரி 1861 வரை இருந்தது. கள்ளுக்கடை ஏலம், ஸ்டாம்பு, ரிஜிஸ்தர் கட்டணம் எல்லாம் தனித்தனித் தலைப்பு. இவற்றையும் தேடிச் சேர்க்க வேண்டியதுதான்.

கணக்குப் போடும் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று. 1923ல் சட்டசபை மறுத்தும் கேளாமல் வைஸ்ராய் ரீடிங் பிரபு உப்பு வரியை 1 ரூபாய் 4 அணாவிலிருந்து இரண்டு மடங்காக்கினார். அடுத்த வருஷமே அது இறங்கிவிட்டது. அந்த ஒரு வருஷத்தில் நம் ஜில்லா கூடுதலாகக் கொடுத்தது எவ்வளவு என்று 1921 சென்சஸை வைத்துப் போட்டுப் பாருங்கள். 1910லேயே சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போய்விட்டன என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.