துறைமுகப் புகையும் நமது பொறுப்பும்



மண்ணடிக் கடைகளுக்கும் ராயபுரம் வீடுகளுக்கும் பக்கத்திலேயே சென்னைத் துறைமுகம். கரையணைந்த கப்பல் ஓய்வெடுப்பதாக நினைக்கிறோம். இல்லை! விளக்கு, குளிர்சாதனம், பம்பு அனைத்துக்கும் மின்சாரம் வேண்டுமே! அதற்காகத் துணை எஞ்சின்கள் இரவு பகலாக எண்ணெயை எரிக்கின்றன. பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவோடு நெஞ்சை அடைக்கும் புகையும் வெளியேறுகிறது.

இதற்கு மாற்று உண்டு. கரையிலிருந்து கேபிள் மூலம் மின்சாரம் கொடுத்தால் அந்த எஞ்சின்களை நிறுத்திவிடலாம். ஸ்வீடனின் கோத்தன்பர்க் 2000-லும், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் 2004-லும் இதைச் செய்து காட்டின. ஐரோப்பிய ஒன்றியம் தனது முக்கியத் துறைமுகங்களில் கன்டெய்னர், பயணிகள் கப்பல்களுக்கு 2030 முதல் இதைக் கட்டாயமாக்கியுள்ளது. நமது மத்திய அரசும் 2023-ல் 'ஹரித் சாகர்' வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரு டன் சரக்குக்கு வெளியாகும் கரியமில வாயுவை 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பது இலக்கு.

தடை என்ன? பல கப்பல்களுக்கு வேண்டியது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். நம்மிடம் இருப்பது 50. மாற்றிக் கொடுக்கும் கருவிகளுக்குப் பெரும் செலவு. "அது கட்டணமாக நம் தலையில்தானே விழும்?" என்று வணிகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றும் அந்தச் செலவு இருக்கத்தானே செய்கிறது? அதை அண்டை வீட்டுக் குழந்தையின் நுரையீரல் செலுத்துகிறது! பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளையாகக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. அண்டை வீட்டாரை வருத்தி வரும் லாபத்தில் பரக்கத் ஏது?

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. நாம் நிம்மதி அடைந்தோம். கரி எங்கே போனது? எண்ணூருக்கு! கப்பலுக்குக் கொடுக்கும் மின்சாரமும் அனல்மின் நிலையத்திலிருந்தே வந்தால், நம் தெருப் புகை எண்ணூர் மீனவரின் வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். நமக்கு வேண்டாத தீங்கை அவர்கள் மீது சுமத்துவது நீதியா? காற்றாலை, சூரிய ஒளி மின்சாரமே வேண்டும் என்று சேர்த்தே கேட்போம்.

வணிகர் சங்கங்கள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் துறைமுக நிர்வாகத்திடம் அளிக்கட்டும். இளைஞர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உங்கள் கையில் இருக்கிறது. எத்தனை கப்பல் தளங்களில் கரை மின்சாரம் தயார், எத்தனை கப்பல்கள் அதைப் பயன்படுத்தின என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும் ஜமாஅத்தில் வாசியுங்கள். மீனவ சகோதரர்களையும் அழைத்து வாசியுங்கள்.

நீதிக்காகக் குரல் கொடுக்கும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக!