மறதி நோய்க்கு மருந்து: செய்தியும் உண்மையும்

திண்டுக்கல்லில் பூட்டு வாங்குகிறவர்கள் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்புவதில்லை. சாவியைப் போட்டு இரண்டு முறை திருப்பிப் பார்த்த பிறகுதான் காசை எடுப்பார்கள். அதே ஆட்கள் டீக்கடையில் பேப்பரை விரித்து "அல்சைமர் நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று படித்தால் மட்டும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். மருந்துச் செய்திக்கு ஏன் இந்தச் சலுகை?

மஞ்சள் கதையைப் பாருங்கள். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் அல்சைமர் மிகக் குறைவு என்று 2001-ல் ஓர் ஆய்வு சொன்னது. மஞ்சளில் உள்ள குர்குமின், எலிகளின் மூளையில் அமிலாய்டு புரதம் படிவதைக் குறைக்கிறது என்று அதே ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, மஞ்சள் சாப்பிடும் இந்தியர்களுக்கு மறதி நோய் வராது என்ற பேச்சு கிளம்பிவிட்டது. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது! ஆனால் ஹாங்காங்கிலும் (2008) அமெரிக்காவிலும் (2012) வெளியான சிறிய சோதனைகளில், நோயாளிகளுக்கே குர்குமின் கொடுத்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களும் மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டவர்கள்தானே?

மஞ்சளாவது மலிவு. அடுகானுமாப் என்ற ஊசி மருந்துக்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு 2020-ல் சொன்னது. அப்படியும் 2021 ஜூன் 7-ல் அனுமதி கிடைத்தது. அன்று ஒரே நாளில் பயோஜென் நிறுவனத்தின் பங்கு விலை 38 சதவீதம் ஏறியது! மருந்தின் விலை ஆண்டுக்கு 56,000 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 40 லட்சம் ரூபாய். 2024 ஜனவரியில் அந்த மருந்தையே கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. பங்கு வைத்திருந்தவருக்கு அன்றே லாபம். நோயாளிக்கு?

எல்லா மருந்தும் பொய் என்று சொல்ல முடியாது. லெகானெமாப் நோயை 27 சதவீதம் மெதுவாக்கியது உண்மை. ஆனால் 18 புள்ளி அளவுகோலில், 18 மாதங்களில், அந்த வித்தியாசம் 0.45 புள்ளிதான். அதுவும் ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு. மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு ஏற்படும் அபாயமும் உண்டு. பெற்ற மகனையே "நீ யாரு தம்பி?" என்று கேட்கும் தாய்க்கு, போன நினைவை அது திருப்பித் தராது. தலைப்பை நம்பி நகையை அடகு வைக்கப் போகும் குடும்பத்துக்கு இதை யார் சொல்வது?

சோதித்தது எலியிடமா, மனிதரிடமா? எத்தனை பேரிடம்? எவ்வளவு பலன்? விற்பது யார்? இந்த நான்கையும் கேட்ட பிறகு நம்பலாம். அதுவரை செய்யக்கூடியதும் இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை போன்றவற்றைக் கவனித்தால் டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்கிறது லான்செட் இதழின் 2024 ஆணைய அறிக்கை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடியே வருகிறது. தலைப்புச் செய்தியாக வராது என்பதற்காக அந்த மாத்திரையை விழுங்க மறந்துவிடக் கூடாது.