'இஹ்சான்' பணம் யாருடைய பணம்?

2021 டிசம்பர் 18. தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் மாடிப்படி ஏறியபோது நம் மக்கள் படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். பல வீடுகளுக்கு முதலில் கை கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

பிறகு பணம் வந்தது. மத்திய அரசு 'வாங் இஹ்சான்' என்று குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட், சிலாங்கூர் அரசு இன்னொரு 1,000. மெத்தை, ஐஸ்பெட்டி, மோட்டார், பிள்ளைகளின் பாடநூல் – நீங்களே கணக்குப் போடுங்கள்! அந்த வெள்ளத்தில் நாட்டின் இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகாவே சொன்னது.

'இஹ்சான்' என்றால் கருணை. கருணை என்பது கொடுப்பவர் விருப்பம். கடையில் சாமான் வாங்கும்போதே வரி கட்டுகிற நமக்கு எதற்குக் கருணை? நாம் கேட்பது நியாயமான இழப்பீடு.

நம்மிடமும் குறை உண்டு. "நமக்கெங்கே கிடைக்கப் போகுது" என்று பாரம் நிரப்பாமலே திரும்பிவிடுகிறோம். வாடகை வீடென்றாலும் நனைந்தது உங்கள் பொருள்தானே? கணவர் இல்லாத வீட்டில் தாய்தான் குடும்பத் தலைவர், அவர் பெயரிலேயே கேளுங்கள். அடுத்த முறை, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கழுவுமுன் படம் எடுங்கள். மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கும் பாரத்துக்கு நகல் வையுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.